சிலிண்டர் பவர் கண்ணோடு துப்பாக்கிக்கு சைட் வாங்கப் போகிறவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை கோபியிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வந்தான். கையில் புத்தம்புது ரெட் டாட் சைட், அதாவது சிவப்புப் புள்ளியை வைத்துக் குறிபார்க்கும் கருவி. "ஏனுங்ணா, டூப்ளிகேட் சரக்கைக் குடுத்து ஏமாத்திட்டாங்க. புள்ளி வட்டமாவே இல்லீங்க, தலைப்பிரட்டையாட்டம் வாலு முளைச்சிருக்குது" என்றான். சட்டைப் பாக்கெட்டில் கண்ணாடி. சுடும்போது கன்னத்தில் இடிக்கிறது என்று கழற்றி வைத்திருக்கிறான். பவர் சீட்டை வாங்கிப் பார்த்தேன், சிலிண்டர் −1.75. நானும் ஒரு காலத்தில் இதே புகாரோடு ஒரு கடைக்காரரிடம் தொண்டை கிழியக் கத்தியவன்தான்.

குண்டு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது, திருகுகளை முறுக்குவது போன்றவற்றைக் கோச் சொல்லித் தருவார். காசும் பாயின்ட்டும் எங்கே போயின என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

புள்ளிமேல் பழி போடுவது

ரெட் டாட்டில் ஒரு சின்ன எல்.இ.டி. வெளிச்சம் முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இருந்தால் அது புள்ளியாகவே விழும். ஒரு திசையில் கூடவும் இன்னொரு திசையில் குறைவாகவும் வளைந்திருந்தால் கோடாக இழுபடும். இதைத்தான் கண்ணாடிக்கடையில் சிலிண்டர் பவர் என்கிறார்கள்.

பையனின் செல்போனை சைட்டுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுக்கச் சொன்னேன். படத்தில் புள்ளி உருண்டையாக இருந்தது. அப்புறம் சைட்டை அசைக்காமல் தலையை மட்டும் சாய்க்கச் சொன்னேன். வாலும் தலையோடு சாய்ந்தது. கண்ணாடியைப் போட்டதும் வால் முக்கால்வாசி காணாமல் போனது. வெளிச்சத்தைக் குறைத்ததும் மீதியும் அடங்கியது. தலையை விட்டுவிட்டு சைட்டைத் திருப்பும்போது வால் திரும்பினால், அப்போது கடைக்காரரோடு சண்டை போடலாம்.

இன்னொன்று, பத்து மீட்டர் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் போட்டிகளில் ரெட் டாட்டுக்கு அனுமதியே கிடையாது. தோப்பில் டப்பா அடிக்கத்தான் என்றால், குறிபார்க்கும் கோட்டை உள்கண்ணாடியிலேயே பொறித்த ஸ்கோப்போ பிரிசம் சைட்டோ நம் கண்ணுக்கு நல்லது. (தோட்டத்தில் மயில் தொல்லை, அதற்கு ஏற்ற சைட் சொல்லுங்க என்பவர்கள் என்னிடம் வர வேண்டாம்.)

லென்ஸைப் பார்க்காமல் சைட்டை மாற்றுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

ரைபிளில் கன்னத்தை வைத்ததும் நாம் சாதாரணக் கண்ணாடியின் நடுவில் பார்ப்பதில்லை, மூக்கை ஒட்டிய மேல் மூலையில் பார்க்கிறோம். அங்கே பார்வை லென்ஸைச் சாய்வாகக் கடப்பதால் பவர் மாறிவிடும். அதற்காகத்தான் ஷூட்டிங் ஃப்ரேம் என்று தனியாக விற்கிறார்கள். ஒரே ஒரு வட்ட லென்ஸ், மேலே கீழே நகர்த்தி, பார்வைக்கு நேராக நிறுத்திக்கொள்ளலாம். சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் ஒன்று வாங்கினேன். முதல் மாதம், குழல் நுனியில் இருக்கும் முன் சைட் வளையம் செதுக்கி வைத்த மாதிரி தெரிந்தது.

லென்ஸ் வட்டம். சிலிண்டருக்கோ திசை உண்டு. பவர் சீட்டில் ஆக்சிஸ் என்று போட்டிருக்கும் எண் அந்தத் திசைதான், எனக்கு 80. கண்ணாடிக்கடையில் பவர் அளக்கும் லென்ஸ் மீட்டரில் வைத்து மூன்று மைப்புள்ளி குத்தித் தந்திருந்தார்கள், அந்த வரிசை படுக்கையாக இருக்க வேண்டும் என்பதற்காக. சித்திரை மாத வேர்வையில் லென்ஸைக் கழற்றி, புள்ளிகளை அழுக்கு என்று நினைத்து, வேட்டி நுனியில் சுத்தமாகத் துடைத்தேன். அதற்குப் பிறகு எட்டு மாதம், கழற்றும்போதெல்லாம் கைக்கு வந்தபடி மாட்டினேன்.

குண்டுகள் ஒரு நாள் மேலும் கீழுமாகப் பரவும், மறுநாள் பக்கவாட்டில். பத்து மீட்டரில் பத்துப் பாயின்ட்டுக்கான புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர்தான், மங்கலோடு அதைத் தேட முடியாது. ஐம்பது மீட்டரில் சுடும்போது பழி போட ஆள் இருந்தது, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. கூரைக்குக் கீழே பத்து மீட்டரில் காற்றை எங்கே போய்த் தேடுவது? அதனால் சைட்டைச் சந்தேகப்பட்டேன். கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பின் சைட்டைப் புதிதாக வாங்கினேன். அதுவும் சரியில்லை என்று பாதி விலைக்குத் தள்ளிவிட்டு இன்னொன்று. முன் வளையத்தில் நான்கு அளவு. மொத்தத்தில் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போனது.

கடைசியில், கீறல் விழுந்த லென்ஸை மாற்றப் போன இடத்தில் ஒரு பெரியவர் அதை ஃப்ரேமோடு மீட்டரில் வைத்துப் பார்த்தார். ஆக்சிஸ் 110-இல் நின்றது. "முப்பது டிகிரி திரும்பிருச்சுன்னா சிலிண்டர் போட்டதும் ஒண்ணு, போடாததும் ஒண்ணுங்க" என்றார். கணக்கு அப்படித்தான். பத்து டிகிரி திரும்பினாலே மூன்றில் ஒரு பங்கு பலன் போய்விடும்.

வீட்டுக்கு வந்து மனைவியின் நகப்பூச்சை எடுத்து, ஊசி முனையால் லென்ஸ் விளிம்பில் ஒரு கோடு, அதற்கு நேராக ஃப்ரேமில் ஒரு கோடு போட்டேன். இரண்டும் ஒட்டி நிற்கிறதா என்று பார்க்காமல் இப்போது ரைபிளைத் தொடுவதில்லை. லென்ஸைப் பின் சைட்டிலேயே பொருத்துகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே தலையின் சாய்வு மாறினாலே ஆக்சிஸ் மாறிவிடும்.

ஐரிஸ் துளையை ஊசித் துளையாக்குவது

ஐரிஸ் என்பது பின் சைட்டில் நாம் பார்க்கும் துளை, அதைச் சிறிதும் பெரிதுமாக்கலாம். சின்னத் துளை வழியே பார்த்தால் மங்கல் குறையும். விசிட்டிங் கார்டில் ஊசியால் குத்திப் பார்த்தாலே தெரியும். அதற்காகத் துளையைக் குறைத்துக்கொண்டே போனால் இருட்டும், ஓரங்களும் மறுபடி கலங்கும். நான் 1.1 மில்லிமீட்டருக்குக் கீழே போவதில்லை. முன் வளையத்தையும் இறுக்கமாக எடுக்காதீர்கள். நம் கண்ணுக்கு இலக்கின் கறுப்பு வட்டம் கொஞ்சம் முட்டையாகத் தெரிவதால், சுற்றியுள்ள வெள்ளை ஒரு பக்கம் காணாமல் போய்விடும்.

தூரப் பவரை அப்படியே போடுவது

கண் தெளிவாகப் பார்க்க வேண்டியது முன் சைட்டை, இலக்கை அல்ல. ரைபிளில் அது ஏறக்குறைய ஒரு மீட்டரில் இருக்கிறது. டேப் வைத்து அளந்து டாக்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் தூரப் பவரோடு +0.50 கூட்டிப் போட்டுப் பார்ப்பார்கள்.

ப்ரோக்ரெசிவ் லென்ஸ் (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பவர் படிப்படியாக மாறுவது)

வேண்டாம்.

ஸ்கோப்பின் டயாப்டர் சக்கரத்தை நம்பிக் கண்ணாடியைக் கழற்றுவது

அது வெறும் ஸ்பியரை, அதாவது எல்லாத் திசைக்கும் பொதுவான பவரை மட்டும் சரிசெய்யும். சிலிண்டர் அப்படியேதான் இருக்கும்.

மறு கண்ணை இறுக்கி மூடுவது

மூடினால் முகம் சுளிக்கும், சுடும் கண்ணும் சேர்ந்து இடுங்கும். அந்தக் கண்ணை மறைக்கக் கறுப்பு அட்டையும் வேண்டாம், அந்தப் பக்கம் இருட்டினால் சுடும் கண்ணின் பாப்பாவும் விரிந்து மங்கல் கூடும். வெள்ளையாக, வெளிச்சம் ஊடுருவும்படி இருந்தால் போதும், போட்டியில் அகலம் மட்டும் 30 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. என்னுடையது தயிர் டப்பா மூடியில் வெட்டியது.