இரும்புக் கட்டிலுக்கு மெத்தை வைத்த தலைப்பலகை: ஆட்டம் நின்ற கதை

12 மி.மீ. பிளைவுட், அதன் மேல் 2 அங்குல ஃபோம், மேலே துணி. பலகை செய்ய ஒரு நாள்தான் ஆனது. கட்டிலில் நிற்க வைக்கத்தான் நான்கு நாள் போனது. சாய்ந்து உட்கார்ந்தாலே டக் டக் என்று கட்டிலின் தலைப்பக்கக் குழாயில் இடிக்கும்.

முதலில் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டினேன். இரண்டே நாளில் நெகிழ்ந்துவிட்டது. அப்புறம் பைப் கிளாம்ப் (குழாயைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை) வைத்து மர ஸ்குரூ முடுக்கினேன். பலகை மெல்லியது, ஸ்குரூ பிடிக்கவில்லை. ஆட ஆடத் துளை பெரிதாகிக் கையோடு வந்துவிட்டது.

கழற்றிப் பின்பக்கம் விரலால் தடவியபோதுதான் புரிந்தது. துணியை மடித்து ஸ்டேபிள் அடித்த இடம் புடைத்திருந்தது, சரியாகக் குழாய் படும் இடத்தில். பலகை குழாயில் உட்காரவே இல்லை, அந்த மடிப்பின் மேல் நின்றிருக்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் துணி அமுங்கி மறுபடி தளரும்.

சரி என்று ஸ்டேபிளைப் பிடுங்கி, ஃபோமை விலக்கி, முன்பக்கமிருந்து டி-நட் (மரத்தில் அடித்துப் பதிக்கும் முள் வைத்த நட்) அடித்தேன். (இதை ஃபோம் ஒட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.) கிளாம்ப் வரும் இடத்தில் மடிப்பை வெட்டினேன். குழாயில் பழைய சைக்கிள் டியூபை ஒரு சுற்று சுற்றி, பின்பக்கமிருந்து கிளாம்ப்பை ஸ்பிரிங் வாஷரோடு போல்ட் போட்டு முடுக்கினேன். போல்ட் பலகையைத் தாண்டி ஃபோமுக்குள் நீளாத அளவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரமாகச் சத்தமே இல்லை. பெரிய நிம்மதி.