இலவச ஸ்பிளாஷ் பேட் தேடிப் புறப்படுமுன்: ரொறன்ரோப் பகுதிப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதத்தின் முதலாவது சனிக்கிழமை அது. வெயில் முப்பது பாகையைத் தொட்டிருந்த நண்பகலில், நீச்சலுடையும் தோளில் துவாயுமாகக் காரிலிருந்து குதித்திறங்கிய என் நான்கு வயது மகள், பூங்காவின் நடுவே காய்ந்து கிடந்த சீமெந்துத் தளத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, தண்ணி எங்க?" என்று கேட்டாள். நாற்பது நிமிடம் கார் ஓட்டி வந்திருந்தோம். பிள்ளைகள் நனைந்து விளையாட நீர் பீச்சும் தளங்களான தனது ஸ்பிளாஷ் பேட்களை அந்த நகரசபை ஜூன் நடுப்பகுதியில்தான் திறக்கும் என்பது, அங்கே நின்றபடி கைத்தொலைபேசியில் தேடிய பிறகே எனக்குத் தெரிந்தது. அதற்குப் பின் வந்த கோடைகளில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலிருந்து ஒரு மணிநேரத் தூரத்துக்குள் பல தளங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றிருக்கிறேன். புறப்படுமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்பதே நான் கற்றுக்கொண்டது: அந்த இடத்தை நடத்துவது யார், இன்று அங்கே தண்ணீர் வருகிறதா. பெற்றோர் அடையும் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் கேளாமல் விட்டதால் வருபவை.

முதல் தவறு, கைத்தொலைபேசியின் வரைபடத்தில் "ஸ்பிளாஷ் பேட்" என்று தட்டிவிட்டு, அது காட்டும் புள்ளிகள் அனைத்தையும் ஒரே வகையாக எண்ணிக்கொள்வது. வரைபடம் நகரசபைப் பூங்காவையும் காட்டும், நுழைவுச்சீட்டு வாங்கிச் செல்ல வேண்டிய இடத்தையும் காட்டும், அடுக்குமாடிக் குடியிருப்பாளர்களுக்கு மட்டுமே உரிய தளத்தையும் காட்டும். வோன் நகரிலுள்ள கனடாஸ் வொண்டர்லாண்டின் ஸ்பிளாஷ் வேர்க்ஸ், அந்தக் கேளிக்கைப் பூங்காவின் நுழைவுச்சீட்டோடு சேர்ந்தது என்பதைப் பெரும்பாலானோர் அறிவார்கள். ஆனால் பிரம்டனின் ஹார்ட் லேக் பாதுகாப்புப் பூங்காவிலுள்ள வைல்ட் வெட்லாண்ட் ஸ்பிளாஷ் போன்ற இடங்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெயரில் "பூங்கா" இருப்பதால் அது பொதுப் பூங்காவைப் போல இலவசம் என்று நினைத்துவிடுகிறார்கள். அதை நடத்துவது நகரசபையன்று. ஆற்றுப்படுகைகளைப் பராமரிக்கும் பாதுகாப்பு அதிகாரசபை. அங்கே உள்நுழையக் கட்டணம் உண்டு. மாகாணப் பூங்காக்களிலும் அப்படியே, வாகனத்துக்கான அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். அந்த இடங்கள் நல்லவைதாம், ஒரு முழுநாளைக் கழிக்க ஏற்றவைதாம். ஆயினும் செலவில்லாத ஒரு பிற்பகலை எண்ணி இரண்டு பிள்ளைகளோடும் அம்மம்மாவோடும் புறப்பட்ட குடும்பம், வாசலில் வரிசையில் நின்றபடி பணப்பையைத் திறக்க நேர்வது மனத்தைச் சுருங்கவைக்கும்.

இலவசத் தளங்களைத் தேட உறுதியான வழி நகரசபைகளின் சொந்த இணையத்தளங்களே. ரொறன்ரோ மாநகரசபை மட்டுமே 140-க்கும் மேற்பட்ட ஸ்பிளாஷ் பேட்களை இலவசமாக நடத்துகிறது. அவற்றின் முகவரி, நேரம், அன்றைய நிலை ஆகியவற்றை அதன் தளத்திலேயே பார்க்கலாம். இங்கேதான் நம்மவர்களிடம் நான் அடிக்கடி காணும் ஒரு தவறு நிகழ்கிறது. நாம் வரி கட்டும் நகரத்தின் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறோம். வடக்கு ஸ்காபரோவில் ஸ்டீல்ஸ் அவெனியூவை அண்டி வசிக்கும் ஒருவருக்கு, அந்த வீதியைக் கடந்தால் மார்க்கம் நகரம் தொடங்கிவிடுகிறது. கிழக்கே ரூஜ் ஆற்றைத் தாண்டினால் பிக்கரிங், அதற்கு அப்பால் ஏஜாக்ஸ். ரொறன்ரோவின் பட்டியலில் இந்நகரங்களின் தளங்கள் ஒன்றும் இராது. ஸ்டீல்ஸில் உள்ள மில்லிகன் பூங்காவின் ஸ்பிளாஷ் பேட்டில் கூட்டம் நெரிகிறதென்று தெற்கே அரை மணிநேரம் ஓட்டிச் செல்பவருக்கு, வடக்கே சில நிமிடங்களில் இன்னொரு நகரசபையின் தளம் இருக்கக்கூடும் என்பது தோன்றுவதில்லை. பொதுப் பூங்காவில் திறந்தவெளியில் அமைந்த ஸ்பிளாஷ் பேட்டில் விளையாட, அந்நகரத்தவரா என்று எவரும் கேட்பதில்லை. ஆகவே வீட்டைச் சுற்றியுள்ள நான்கைந்து நகரசபைகளின் பட்டியல்களையும் ஒருமுறை பொறுமையாகப் பார்த்துக் குறித்துவைத்தால், அந்தக் கோடை முழுவதற்கும் அது உதவும்.

தண்ணீர் இலவசமாயிருக்க, அங்கே போய்ச்சேரும் செலவு இலவசமல்லாமல் போவதும் உண்டு. ஒன்ராறியோ ஏரிக்கரையில் 2010-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சுகர் பீச்சில், மேப்பிள் இலை வடிவில் அமைந்த ஸ்பிளாஷ் பேட் ஒன்று இருக்கிறது. இளஞ்சிவப்புக் குடைகளின் கீழ் மணலில் அமர்ந்து பிள்ளைகள் விளையாடுவதைப் பார்ப்பது உண்மையிலேயே இனிமையானது. ஆனால் நகர மையத்தில் வாகனம் நிறுத்தப் பணம் கொடுக்க வேண்டும். அங்கே போவதானால் சுரங்க ரயிலும் பேருந்துமே நல்லவை. ரொறன்ரோப் போக்குவரத்துச் சேவையில் 2015 முதல் 12 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடைய பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. வேறு சில நகரங்களின் ஏரிக்கரைப் பூங்காக்களில், அந்நகரில் வசிப்போருக்கு இலவசமாயிருக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கு வெளியூரார் பணம் கொடுக்க வேண்டியிருப்பதையும் கவனிக்க வேண்டும். நெடுஞ்சாலை 407 இன்னொரு பொறி. வழிகாட்டும் செயலி மிக விரைவான பாதை என்று அதைக் காட்டும். அங்கே பணம் வாங்கும் கூடம் எதுவும் இல்லாததால் பணம் கட்டுகிறோம் என்ற உணர்வே வராது. இலக்கத்தகட்டைப் படம்பிடித்து, பிறகு வீட்டுக்குக் கட்டணச்சீட்டு அனுப்புவார்கள். பிக்கரிங்கின் புரொக் வீதிக்குக் கிழக்கே உள்ள மாகாண அரசின் பகுதிக்கு மட்டும் 2025 ஜூன் முதல் கட்டணம் நீக்கப்பட்டிருக்கிறது. செயலியில் சுங்கச் சாலைகளைத் தவிர்க்கும் தெரிவை முன்கூட்டியே இட்டுவிடுவதே நல்லது.

பருவத்தையும் நேரத்தையும் குறித்த தவறை என் சொந்தக் கதையாகவே சொல்லிவிட்டேன். மே மாதத்தில் விக்டோரியா தின நீண்ட வார இறுதியோடு கோடை தொடங்கிவிட்டதாக நாம் உணர்கிறோம். சில நகரங்கள் அப்போதே தண்ணீரைத் திறந்துவிடுகின்றன, சில ஜூன் வரை காத்திருக்கின்றன. ரொறன்ரோவில் பொதுவாக மே நடுப்பகுதிக்குப் பின் தொடங்கி செப்டெம்பர் வரை, காலை 9 மணியிலிருந்து இரவு 8:30 வரை தண்ணீர் வரும். இதனோடு, சிறுவர்களுக்கான ஆழமற்ற குளங்களை ஸ்பிளாஷ் பேட் என்று எண்ணிக் குழம்புவோரும் உண்டு. நகரில் அத்தகைய குளங்கள் ஏறத்தாழ 100 இருக்கின்றன. அவற்றில் நீர் தேங்கி நிற்கும், பணியாளர் கண்காணிப்பார், பள்ளி விடுமுறையோடுதான் அவை திறக்கும், மழை பெய்தாலோ குளிர்ந்தாலோ மூடிவிடுவார்கள். ஸ்பிளாஷ் பேட்டில் நீர் தேங்குவதில்லை, பணியாளரும் இருப்பதில்லை. எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போனால், நான்கு மணிக்கே குளம் மூடப்பட்டிருப்பதைக் கண்டு திரும்ப நேரிடும். பட்டியலில் திறந்திருப்பதாகக் காட்டும் தளமும் குழாய் பழுதால் நின்றிருக்கலாம். ரொறன்ரோவுக்குள் என்றால் மாநகரசபையின் 311 தொலைபேசி இலக்கத்தை அழைத்துக் கேட்கலாம். பழுதை அறிவிக்க வேண்டிய இடமும் அதுவே. நாம் அறிவிக்காவிட்டால் மற்றவர் அறிவித்திருப்பார் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டு, ஒருவரும் அறிவிக்காமலே தளம் நாட்கணக்கில் வறண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் வரவில்லை என்று முடிவு கட்டுமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு ஜூலை மாலையில், உலர்ந்த தளத்தின் ஓரத்தில் ஒரு மாமி பேரனின் கையைப் பிடித்தபடி, "பழுதாப் போச்சுது போல, வா வீட்டை போவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தளத்தின் விளிம்பில் இடுப்பளவு உயரத்தில் ஒரு நீலக் கம்பம் நின்றது; அதன் தலையில் உள்ளங்கையளவு உலோக வட்டம். என் மகள் ஓடிப்போய் அதைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். நிலத்துக்கு அடியில் ஏதோ உறுமியது. துளைகளிலிருந்து முதலில் காற்றும் பிறகு விரல்தடிப்பில் நீரும் எழுந்தன. அந்தப் பையன் பயத்தில் அலறி, அடுத்த நொடியே சிரிக்கத் தொடங்கினான். நீரைச் சேமிப்பதற்காகப் பல தளங்களில் இப்படியோர் அமைப்பைப் பொருத்தியிருக்கிறார்கள்: தொட்டால் சில நிமிடங்கள் ஓடி, தானாக நின்றுவிடும், திரும்பத் தொட வேண்டும். சில இடங்களில் அழுத்தும் பொத்தானாக இருக்கும், சில இடங்களில் நிலத்திலேயே மிதிக்கும்படி இருக்கும். ஆளில்லாத தளம் உலர்ந்து கிடப்பது இயல்பே.

பிள்ளையின் வயதை எண்ணாமல் தளத்தைத் தேர்வதும் பரவலாக நிகழ்வது. மேலே பெரிய வாளி நிரம்பிக் கவிழும் தளம் எட்டு வயதுப் பையனுக்குச் சொர்க்கம். அதே வாளி கவிழும் ஓசையில் இரண்டு வயதுக் குழந்தை மிரண்டு, அதன்பின் தளத்தின் பக்கமே போக மறுத்துவிடும். நிலத்திலிருந்து மெதுவாக எழும் ஊற்றுகள் உள்ள சிறிய தளமே சின்னஞ்சிறுவர்க்கு ஏற்றது. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டார், பக்கத்திலேயே விளையாட்டுத்திடலும் நிழலும் மலசலகூடமும் உள்ள பூங்காவைத் தேட வேண்டும். அயலிலுள்ள சிறு பூங்காக்கள் பலவற்றில் மலசலகூடம் இல்லை. ஈர உடையோடு நிற்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு அது எத்தனை அவசரமான விடயம் என்பதைப் பெற்றோருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை இருந்தால், ஓரியோல் பூங்காவிலுள்ள நெஷாமா விளையாட்டுத்திடல் போல எல்லாப் பிள்ளைகளையும் எண்ணி அமைத்த இடங்கள் இருக்கின்றன. அரை மணிநேரம் கூடுதலாக ஓட்டினாலும் தகும்.

ஸ்பிளாஷ் பேட்டில் நீர் தேங்காததால் அது கிருமியற்றது என்று நம்புவதே எல்லாவற்றிலும் கவலை தரும் தவறு. இத்தளங்கள் இரண்டு வகைப்படும். ஒரு வகையில், வீட்டுக் குழாயில் வரும் நகர நீரே பிள்ளைகள் மேல் விழுந்து நேராக வடிகாலுக்குப் போய்விடும். மற்ற வகையில், விழுந்த நீர் நிலத்தடித் தொட்டியில் சேர்ந்து, வடிகட்டப்பட்டு, குளோரின் கலக்கப்பட்டு மீண்டும் மேலே வரும். இரண்டாம் வகையில் ஒரு பிள்ளையின் உடலைக் கழுவிய நீரே மற்றப் பிள்ளையின் வாய்க்கும் போகும். 2005-ஆம் ஆண்டுக் கோடையில், நியூயோர்க் மாநிலத்தின் செனகா ஏரிப் பூங்காவில் இவ்வகைத் தளமொன்றிலிருந்து கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி பரவி, ஆயிரக்கணக்கானோர் வயிற்றோட்டத்தால் அவதிப்பட்டார்கள். அளவாகக் குளோரின் கலந்த நீரிலும் ஒரு கிழமைக்கு மேல் உயிரோடு இருக்கவல்லது அது. அதனால்தான் அந்த மாநிலம் பின்னர் இத்தளங்களின் நீரைப் புறஊதாக் கதிரால் தூய்மையாக்க வேண்டும் என்று விதி செய்தது.

இதற்காக அஞ்சிப் பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சில பழக்கங்களைக் கண்டிப்பாகக் கைக்கொள்ள வேண்டும். வயிற்றோட்டம் உள்ள பிள்ளையை அழைத்து வரவே கூடாது. அது கிரிப்டோஸ்போரிடியத்தால் வந்தது என்று மருத்துவர் உறுதிசெய்திருந்தால், வயிற்றோட்டம் நின்ற பிறகும் இரண்டு கிழமை பொறுக்க வேண்டும். நீச்சலுக்கான பம்பர்ஸ் போட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கெட்டியான மலத்தை ஓரளவு தாங்குமே தவிர, நீராகப் போவதைத் தடுக்காது. மணிக்கு ஒருமுறையாவது பார்த்து, மாற்றுவதைத் தளத்திலிருந்து விலகிச் செய்ய வேண்டும். பீச்சும் ஊற்றின் மேல் பிள்ளை உட்காருவதையும், வாயைத் திறந்து நீரைப் பிடிப்பதையும் சிரித்துக்கொண்டு படம்பிடிக்காமல் தடுக்க வேண்டும். குடிப்பதற்குத் தனிப் போத்தல் கையில் இருந்தால் அந்த ஆசை பாதி குறைந்துவிடும்.

ஆழமில்லாத இடம்தானே என்று கைத்தொலைபேசியில் மூழ்குவதும் ஆபத்தானது. அங்கே உயிர்காப்பாளர் இல்லை. ஓடும் பிள்ளைகள் ஈரச் சீமெந்தில் வழுக்கி மோதுவதும், ஊற்றின் பின்னால் மறைந்த சின்னவன் வாகனத் தரிப்பிடம் வரை நடந்துவிடுவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பவை. வழுக்காத, காலோடு ஒட்டிய நீர்ச் செருப்பை அணிவியுங்கள். வெயிலில் காய்ந்த இறப்பர்த் தளம் பிஞ்சுப் பாதத்தைச் சுடும். நமது மாநிற மேனிக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நம்பாமல், முற்பகல் 11 முதல் பிற்பகல் 3 வரை வெயில் கடுமையாக இருக்கும் நேரத்தைத் தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால் நீண்ட கை வைத்த நீச்சல் மேலாடை போட்டு, இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை வெயிற்காப்புப் பசையைத் திரும்பப் பூசுங்கள். இடி கேட்டால் உடனே காருக்குள் ஏறி, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் பொறுங்கள். துவாயை எடுக்க மறந்து ஓடும் அவசரத்திலும், தூங்கும் குழந்தையைக் காரில் விட்டுச் செல்லாதீர்கள். மூடிய காரின் உட்புறம் பத்தே நிமிடத்தில் ஏறத்தாழ 11 பாகை சூடேறிவிடும்.

பிறந்தநாளை ஸ்பிளாஷ் பேட்டில் வைக்க எண்ணுபவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும்: தளத்தை எவரும் தமக்கென ஒதுக்கிக்கொள்ள முடியாது. ரொறன்ரோப் பூங்காக்களில் 25 பேருக்கு மேல் கூடுவதானால் அனுமதிச்சீட்டும் வேண்டும். எங்கள் கூட்டத்தில் சித்தப்பா, பெரியம்மா வீட்டார் சேர்ந்தாலே அந்த எண்ணிக்கை தாண்டிவிடும்.

தூரத்தைப் பற்றி இன்னொன்று. சனி, ஞாயிறு நண்பகலில் நெடுஞ்சாலை 401-இல் ஏறி ஒரு பெரிய தளத்துக்குப் போவதையே எல்லோரும் திட்டமிடுகிறார்கள். அங்கே கூட்டமும் அதிகம், வெயிலும் கடுமை, திரும்பும் வழியில் பிள்ளைகள் அழுது களைத்துவிடுவார்கள். ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைய இரவு 9 மணியாகிறது. இப்போதெல்லாம் நாங்கள் வேலை முடிந்து வந்து, ஆறரை மணிக்குப் பத்து நிமிடத் தூரத்திலுள்ள சிறிய பூங்காவுக்குப் போகிறோம். மாற்றுடையும் தடித்த துவாயும் புட்டோ இடியப்பமோ வைத்த பெட்டியும் எப்போதும் காரின் பின்பக்கத்தில் இருக்கும். காற்றுக் குளிர்ந்து உதடு நடுங்கத் தொடங்கியதும் உடையை மாற்றிவிட்டு, புல்லில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். எட்டரைக்குத் தண்ணீர் நிற்கும்போது, மகள் கடைசியாக ஒருமுறை அந்த நீலக் கம்பத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறுகிறாள்.