துபாயில் இருந்துகொண்டே டிசம்பர் முழுக்க வீட்டோடு பேச: ஒரே இணைப்பு, ஒரே நேரம்

அமீரகத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த நம்மூர்ப் பிள்ளைகள் நவம்பர் கடைசியில் கேட்க ஆரம்பிக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப் கால் போகவில்லையே, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் எல்லோரையும் எப்படிப் பார்ப்பது? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 25ஆம் தேதி காலையில் ஐந்து நிமிடம் கூப்பிட்டு "ஹேப்பி கிறிஸ்துமஸ்" சொல்வதற்கு எந்த ஏற்பாடும் தேவையில்லை. நாம் ஏங்குவது அதற்கு முந்தின மூன்று வாரத்துக்கு. குடில் கட்டுவது, ஸ்டார் தொங்கவிடுவது, பலகாரம் சுடுவது, ராத்திரி கேரல் பாடி வருகிறவர்களுக்காக வாசலில் காத்திருப்பது. அந்த மாலை நேரங்களில் வீட்டில் இருக்க வேண்டுமென்றால் தினமும் தானாகத் திறக்கிற மாதிரி ஒரு வழி வேண்டும். அதை டிசம்பர் 1க்குள் செய்து முடித்துவிடுங்கள். 20ஆம் தேதிக்கு மேல் வீட்டில் யாருக்கும் போனை உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்காது.

செயலியை நிறுவுவது, வைஃபை போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: செயலியைத் தேர்ந்தெடுப்பது

அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுத்து, படம், வாய்ஸ் நோட் எல்லாம் போகும், கால் மட்டும் போகாது. தொலைத்தொடர்பு ஆணையம் அனுமதித்த செயலிகளில்தான் கால் பேச முடியும். போட்டிம், ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், கூகுள் மீட் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

என் தேர்வு கூகுள் மீட். காரணம் ரொம்ப எளிது: ஊரில் அம்மா அப்பா வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனில் பெரும்பாலும் அது ஏற்கெனவே இருக்கும். புதிதாக ஒன்றை நிறுவு, ஓடிபி சொல்லு, அனுமதி கொடு என்று தொலைவில் இருந்து சொல்லிக்கொடுக்கிற வேலை பாதியாகக் குறையும். போட்டிம் இங்கே பெட் ஸ்பேஸில் (ஒரே அறையில் ஆளுக்கொரு கட்டில் வாடகை) இருக்கும் எல்லோரிடமும் இருக்கிறது, மனைவியிடம் தனியாகப் பேச அது நன்றாகவே இருக்கும், ஆனால் மறுமுனையிலும் அது இருந்தாக வேண்டும். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் முடிந்துவிடும், பலகாரம் சுடும் நேரத்துக்கு அது பற்றாது. ஸ்கைப்பில் பழகிய பெரியவர்கள் இருந்தால் அதுவும் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது என்று சொல்லிவிடுங்கள், இன்னும் சில வீடுகளில் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"விபிஎன் போட்டால் வாட்ஸ்அப்பே போகுமே" என்று அறையில் ஒருவராவது சொல்வார். வேண்டாம். விபிஎன் நம் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் நம்மை அடையாளம் காட்டும் எண்ணை, மறைக்கிறது. அப்படி மறைத்து ஒரு குற்றம் செய்தாலோ, குற்றத்தை மறைக்கப் பார்த்தாலோ, 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டப்படி அபராதமே 5 லட்சம் திர்ஹாமில் தொடங்கி 20 லட்சம் வரை போகிறது. அனுமதித்த வழி இலவசமாகவே இருக்கும்போது பிழைக்க வந்த இடத்தில் இந்த வம்பு எதற்கு?

படி 2: வீட்டுப் போனில் எந்த ஜிமெயில் இருக்கிறது?

எங்கள் வீட்டில் எல்லாம் நின்றுபோனது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மீட் இணைப்பை (லிங்கை) அனுப்பினேன், அம்மா தட்டினார், "சேர அனுமதி கேட்கிறது" என்று வந்தது. நான் டூட்டியில் இருந்ததால் என் பக்கம் அனுமதிக்க ஆளில்லை. அங்கே அவர்கள் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துவிட்டு, சரி, அவன் வேலையாக இருக்கிறான் என்று போனை வைத்துவிட்டார்கள். இணைப்பிலோ நெட்டிலோ பிரச்சினை இல்லை. அம்மாவின் போன் யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

ஊரில் போன் வாங்கும்போது கடைக்காரரே ஒரு ஜிமெயில் போட்டுக் கொடுத்துவிடுவார். பெயரோடு நாலைந்து எண் ஒட்டிய ஒரு முகவரி இருக்கும், கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. பரவாயில்லை, போன் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது என்பதால் கடவுச்சொல் இப்போதைக்குத் தேவையில்லை. பிளே ஸ்டோரைத் திறந்து வலது மேல் மூலையில் இருக்கும் வட்டத்தைத் தட்டச் சொல்லுங்கள். அங்கே முகவரி தெரியும். வாயால் சொல்லச் சொல்லாதீர்கள், புள்ளியும் எண்ணும் மாறிப்போகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், அது வராதென்றால் பக்கத்தில் இருக்கும் இன்னொரு போனால் படம் எடுத்து அனுப்பட்டும்.

சில போன்களில் இரண்டு கணக்கு இருக்கும். கடைக்காரர் போட்டது ஒன்று, தங்கச்சி எப்போதோ கேஸ் சிலிண்டர் பதிவுக்கோ பள்ளிக்கூடச் செயலிக்கோ போட்டது இன்னொன்று. மீட் எந்தக் கணக்கில் திறக்கிறது என்பதுதான் முக்கியம். மீட்டைத் திறந்து அதே வலது மேல் வட்டத்தைத் தட்டினால் எது ஓடுகிறது என்று தெரியும், அங்கேயே மாற்றியும் கொள்ளலாம். சந்தேகமாக இருந்தால் இரண்டு முகவரிகளையும் அடுத்த படியில் வரும் அழைப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், அதற்கப்புறம் அந்த வட்டம் சுற்றவே இல்லை.

படி 3: நாட்காட்டியில் போடுவது

கூகுள் நாட்காட்டியில் புது நிகழ்வு ஒன்று தொடங்குங்கள். அதில் மீட் இணைப்பைச் சேருங்கள், விருந்தினர் பகுதியில் வீட்டு முகவரிகளைப் போடுங்கள். "தினமும்" என்று திரும்ப வரும்படி வைத்து, முடியும் தேதியை டிசம்பர் 24 என்று கொடுங்கள். எல்லா நாளுக்கும் ஒரே இணைப்புதான் இருக்கும். அழைப்புப் பட்டியலில் இருப்பவர்கள், அந்தக் கணக்கோடு வந்தால், யாரிடமும் அனுமதி கேட்காமல் உள்ளே வந்துவிடலாம், நீங்கள் டூட்டி முடிந்து வரத் தாமதமானாலும் அவர்கள் முதலில் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

நேரம்: அமீரகமும் ஓமனும் நம்மூரைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சவுதி, கத்தார், குவைத், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னால். லண்டனில் இருப்பவர்கள் கவனிக்கவும், கோடையில் நாலரையாக இருந்தது டிசம்பரில் ஐந்தரை ஆகிவிடும். இங்கே ஆறு மணிக்கு வேலை முடிந்தால் ஊரில் ஏழரை, ஜெபமாலை முடிந்து அடுப்படிக்குப் போகும் நேரம். நான் ஊர் நேரம் இரவு எட்டு என்று வைத்திருக்கிறேன், பஸ்ஸில் வரும்போதே ஹெட்செட் போட்டுச் சேர்ந்துகொள்ள முடியும்.

மூன்று கருவிகள் அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் இலவச மீட் 60 நிமிடத்தில் அறுந்துவிடும். அதே இணைப்பை மறுபடி தட்டினால் போதும். ஆனால் இரண்டே கருவி என்றால் 24 மணி நேரம் வரை ஓடும். அதனால் வீட்டில் ஆளுக்கொரு போனில் சேராமல் எல்லோரும் ஒரே போன் முன்னால் இருப்பதுதான் நல்லது. எதிரொலியும் வராது.

படி 4: இணைப்பைக் கண்ணில் படும்படி வைப்பது

வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் இணைப்பைப் போட்டு, அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, மேலே நிற்கும்படி 'பின்' (Pin) செய்யுங்கள். எத்தனை நாள் என்று கேட்கும்: 24 மணி நேரம், 7 நாள், 30 நாள். 30ஐத் தேர்ந்தெடுங்கள். கவனிக்காமல் 7இல் விட்டால் இரண்டாவது வாரத்தில் காணாமல் போய், காலை வணக்கப் படங்களுக்கு அடியில் தேட வேண்டி வரும்.

படி 5: போனை எங்கே வைப்பது

இதை யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முழு வேலையிலும் பெரியது. முந்திரிக்கொத்து செய்கிற வீட்டில் ஒருவர் கையும் சும்மா இருக்காது. வறுத்துத் திரித்த சிறுபயறு மாவில் தேங்காயும் எள்ளும் ஏலக்காயும் போட்டு, கருப்பட்டிப் பாகு ஊற்றிக் கிளறியதும் சூடு பொறுக்கப் பொறுக்க உருண்டை பிடித்தாக வேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும். அப்புறம் மூன்று மூன்றாகச் சேர்த்து மாவில் முக்கி எண்ணெயில் விடுகிற வேலை. இந்த நேரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு "தெரியுதா, தெரியுதா" என்று கேட்க ஆள் இல்லை. போன் தன் பாட்டுக்கு நிற்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அது பிளக் பாயிண்டுக்குப் பக்கத்து ஷெல்ஃபில், அரிசி டப்பாவில் சாய்ந்து நிற்கிறது. கீழே நழுவாமல் இருக்க ஒரு துணி மடித்து வைத்திருக்கிறார்கள். அடுப்பிலிருந்து எண்ணெய் தெறிக்காத தூரம் வேண்டும், ஆனால் மிக்ஸிக்குப் பக்கத்தில் வேண்டாம். டியூப் லைட் போனுக்குப் பின்னால் இருக்கட்டும், ஆட்களின் முகத்தில் வெளிச்சம் விழும். லைட் அவர்களுக்குப் பின்னால் இருந்தால் எல்லோரும் நிழலாகத்தான் தெரிவார்கள். சார்ஜர் குத்தியபடியே இருக்கட்டும்.

வைத்துவிட்டால் பிறகு கேள்வி கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். "அப்புறம்?" "வேறென்ன?" என்று நேர்காணல் மாதிரி நடத்தினால் பத்தாவது நிமிடம் இரண்டு பக்கமும் பேச்சு தீர்ந்துவிடும். நீங்கள் துணி மடியுங்கள், சமையுங்கள், அவர்கள் வேலையைப் பார்க்கட்டும். நடுவில் அம்மா தானாகவே திரும்பி "பாகு பதம் வந்துட்டான்னு அப்பாகிட்ட கேளு" என்று நம்மிடம் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும்.

அறையில் மற்றவர்களும் இருப்பார்கள் என்பதால் மைக் வைத்த ஒயர் ஹெட்செட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ப்ளூடூத் வேண்டாம் என்பது என் கருத்து, நீண்ட நேரம் பேசும்போது சார்ஜ் தீர்ந்து நடுவில் ஸ்பீக்கருக்கு மாறிவிடும், தூங்குகிற நைட் ஷிஃப்ட் ஆள் எழுந்துவிடுவார்.

கேரலும் பூசையும்

இந்தக் கால் செயலிகள் பேச்சுக்குரலைத்தான் காப்பாற்றும், மேளத்தையும் கைத்தட்டையும் இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். கேரல் ரவுண்ட்ஸ் வீட்டு வாசலுக்கு வரும்போது நேரலையில் கேட்டால் பாட்டு விட்டு விட்டுத்தான் வரும். தாத்தா வேஷம் போட்டவர் ஆடுவதைப் பார்க்கலாம், கேட்க முடியாது. எனவே இரண்டும் செய்யச் சொல்லுங்கள்: ஒரு போனில் கால், இன்னொன்றில் பதிவு. பதிவை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினால் தரம் குறையாது, 2 ஜிபி வரை போகும்.

24ஆம் தேதி நடுராத்திரிப் பூசைக்கு ஊரில் 11.30 மணி என்றால் இங்கே 10 மணி. உங்கள் பங்குக் கோயில் யூடியூபில் நேரலை போடுகிறதா என்று முன்பே கேட்டு வையுங்கள். கோயிலுக்குள் போனைப் பிடித்து நிற்கச் சொல்லி வீட்டாரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அவர்கள் வீட்டுக்கு வந்து குடிலில் பாலனை வைக்கும் நேரத்துக்கு மீட்டைத் திறந்தால் போதும். அமீரகத்தில் 25ஆம் தேதி அரசு விடுமுறை இல்லை, மறுநாள் டூட்டி இருந்தால் ஷிஃப்ட் மாற்ற இப்போதே சொல்லி வையுங்கள். அன்று ராத்திரி நெட் திணறலாம், கையில் சாதாரண ஐஎஸ்டி காலுக்குக் கொஞ்சம் பேலன்ஸ் இருக்கட்டும்.

காது மந்தமான பாட்டி இருந்தால் அவருக்கு வீடியோ கால் பெரிதாகப் பயன்படாது. தனியாக ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்கள், மெதுவாக, பெயர் சொல்லி. போனைக் காதருகில் வைத்து எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்பார்.

இதைப் படித்தவர்கள் கேட்டதால் சேர்த்தவை

"ஏழரைக்கே படம் உறைந்துவிடுகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால் வீட்டில் தினம் 1.5 ஜிபி பேக், பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து ஷார்ட்ஸ் பார்த்தே அதைத் தீர்த்துவிடுகிறார்கள். தினசரி அளவு முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸாக இறங்கும், அதில் வீடியோ ஓடாது. டிசம்பருக்கு மட்டும் கூடுதல் டேட்டா பேக் ஒன்று நீங்களே இங்கிருந்து போட்டுவிடுங்கள். காலுக்கென்று வைத்த போனைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் இருந்தால் அதுவும் தேவைப்படாது.

நாட்காட்டியில் நிகழ்வே வரவில்லை என்று சிலர் சொன்னார்கள். தெரியாத முகவரியிலிருந்து வரும் அழைப்புகளைக் காட்டாதபடி அங்கே அமைப்பு இருக்கலாம். கவலைப்பட வேண்டாம், உங்கள் அழைப்புப் பட்டியலில் அவர்கள் முகவரி இருந்தாலே வாட்ஸ்அப் இணைப்பு வழியாக உள்ளே வரலாம். அம்மாவின் போனில் உங்கள் ஜிமெயிலைத் தொடர்புகளில் சேமித்துவிட்டால் நிகழ்வும் தெரியும்.

போட்டிமில் கூப்பிட்டால் ஊரில் மணி அடிப்பதில்லை என்பது இன்னொரு புகார். சில போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னால் ஓடும் செயலிகளை நிறுத்திவிடுகின்றன. அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரி பகுதிக்குப் போய்க் கட்டுப்பாடு இல்லை என்று வைத்து, ஆட்டோ ஸ்டார்ட்டையும் இயக்கினால் சரியாகும்.

கடைசியாக, இங்கே எடுத்து வந்த இந்திய சிம்மை மறந்துவிடாதீர்கள். வங்கி ஓடிபி அதில்தான் வருகிறது. 90 நாள் தொடர்ந்து பயன்பாடே இல்லாமல் கிடந்தால் எண் போய்விடக்கூடும். வீட்டுக்குப் பணம் அனுப்பும் வாரத்தில் அதைப் போனில் போட்டு ரீசார்ஜ் செய்து, ரோமிங் இயங்குகிறதா, குறுஞ்செய்தி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 25ஆம் தேதி ஊரில் வங்கி விடுமுறை, புதுத்துணிக்கான பணத்தை 20க்குள் அனுப்பிவிடுவது நல்லது.