வலைப்பதிவுகளைப் பரிந்துரைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் வாசகர் வட்டத்தின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஓர் இளைஞர் நாற்பத்திரண்டு வலைப்பதிவுகளின் முகவரிகளை ஒரே செய்தியாக அனுப்பியிருந்தார். ஓவியம், இசை, திரைப்படம், இணையப் பண்பாடு என்று நான்கு தலைப்புகள். அனைத்துக்கும் முன்னால் ‘கட்டாயம் படியுங்கள்’ என்று ஒரு வரி. குழுவினர் கட்டைவிரல் படங்களைத் தாராளமாகப் போட்டார்கள். பத்து நாள் கழித்து மாதக் கூட்டத்தில் விசாரித்தபோது, அவற்றில் ஒன்றையாவது திறந்து படித்தவர் ஒருவரும் இல்லை. அவர் மனம் நொந்துபோனார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே போன்ற பட்டியலை, ஏறக்குறைய அதே வரியோடு, நானும் ஒரு காலத்தில் அனுப்பியிருக்கிறேன்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், ஜார்ஜ் டவுனில் ஒரு சிறிய அச்சகத்தில் பக்க வடிவமைப்புச் செய்வது என் தொழில். கலை பற்றிய நல்ல எழுத்தைத் தேடிப் படித்துப் பிறருக்குச் சொல்வது பதினைந்து ஆண்டுப் பழக்கம். எழுத்துப்பிழை, முகவரியைப் பாதியில் வெட்டி ஒட்டுவது போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றை யாராவது உடனே சுட்டிக்காட்டிவிடுவார்கள். யாரும் சுட்டிக்காட்டாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

முகப்புப் பக்கத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது

டேவிட் போர்டுவெல், கிரிஸ்டின் தாம்சன் என்னும் இரண்டு அமெரிக்கத் திரைப்பட ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டு முதல் ‘ஆப்சர்வேஷன்ஸ் ஆன் ஃபிலிம் ஆர்ட்’ என்ற பெயரில் எழுதிவந்த வலைப்பதிவைத் திரைப்பட ஆர்வலர் எவருக்கும் நான் சொல்லாமல் விட்டதில்லை. ஆனால் முதல் சில ஆண்டுகள் பெயரை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன். முகப்பில் நுழைகிறவருக்கு அங்கே தெரிவது நீண்ட நீண்ட கட்டுரைகளும், அவர் கேள்விப்படாத திரைப்பட விழாக்களும், அவர் பார்த்திராத படங்களும்தான். இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடுவார்.

பினாங்கில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் ஹாங்காங் சண்டைப் படங்களை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவர்கள். ஜாக்கி சானின் சண்டைக் காட்சியில் யார் யாரை எங்கே அடித்தார் என்பது ஏன் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதைப் போர்டுவெல் அந்த வலைப்பதிவில் காட்சிப் படங்களை வரிசையாக வைத்து விளக்கியிருக்கிறார். அசைவு ஒரு கணம் நிற்கிறது, வெடிக்கிறது, மறுபடியும் ஒரு கணம் நிற்கிறது. அந்த நிறுத்தங்கள் இல்லாவிட்டால் வேகம் கண்ணில் பதியாது என்பது அவர் பல இடங்களில் எடுத்துக்காட்டிய நுட்பம். இப்போதெல்லாம் அந்த ஒரு கட்டுரையை மட்டும் அனுப்புகிறேன். அனுப்பியவர்களில் பாதிப் பேர் தாமாகவே அடுத்த கட்டுரைக்குப் போகிறார்கள். போர்டுவெல் 2024 பிப்ரவரியில் மறைந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக எதையும் எதிர்பார்க்காமல் பழையவற்றைத் தேடிப் படிக்க அது உதவும்.

நீளமான பட்டியல்

மூன்றுக்கு மேல் வேண்டாம்.

திறந்து பார்க்காமல் நினைவிலிருந்து பரிந்துரைப்பது

இதுதான் எனக்குப் பணச் செலவையும் அவமானத்தையும் சேர்த்துக் கொடுத்த தவறு. இன்றும் யாராவது ‘முன்பு பார்த்திருக்கிறேன், நன்றாக இருக்கும்’ என்று சொல்லிக்கொண்டு முகவரியை அனுப்பும்போது எரிச்சல் வருவதை என்னால் அடக்க முடிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இடைநிலைப்பள்ளியின் தமிழ்மொழிக் கழகத்துக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியை, படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கென்று ஒரு கையேட்டுத் தாள் கேட்டார். கலையையும் திரைப்படத்தையும் பற்றி இணையத்தில் எங்கே படிக்கலாம் என்பதை ஒரே தாளில் சொல்ல வேண்டும். நான் உற்சாகமாகப் பன்னிரண்டு வலைப்பதிவுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கியூஆர் குறியீடு வைத்து, இரண்டு வண்ணத்தில் வடிவமைத்து, முந்நூறு படிகள் அடித்துக் கொடுத்தேன். ஐந்தாவதாக இருந்தது நான் மிகவும் மதித்த ஒரு தமிழ்த் திரைப்பட விமர்சன வலைப்பதிவு. அதைக் கடைசியாக எப்போது திறந்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் இரண்டு ஆண்டுகள் என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் கழித்து, பள்ளி இடைவேளை நேரத்தில் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, ஐந்தாவது குறியீட்டைத் திறந்தால் சூதாட்டப் பக்கம் வருகிறது. ஒரு மாணவனின் அம்மா தாளைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார்” என்றார். அச்சகத்தின் முகப்பு மேசையில் நின்றபடியே, மிச்சமிருந்த ஒரு தாளை எடுத்து என் கைப்பேசியைக் காட்டினேன். திரை முழுவதும் தங்க நாணயங்கள் கொட்டின. மூன்று உருளைகள் சுழன்றன. பதிவு செய்தால் முதல் ஆட்டம் இலவசம் என்று மலாயில் எழுதியிருந்தது. பக்கத்தின் அடிவரை இறக்கிப் பார்த்தேன். சாம்பல் நிறப் பொடி எழுத்தில் அந்தப் பழைய வலைப்பதிவின் பெயர் அப்படியே இருந்தது. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இது தற்செயலாக நடப்பதன்று. சொந்த முகவரியில் எழுதுகிறவர் அந்தப் பெயருக்கு ஆண்டுதோறும், அல்லது சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். டாட் காம் போன்ற பொது முகவரிகளில் தவணை தவறினால் அதிகபட்சம் நாற்பத்தைந்து நாள் சலுகைக் காலம் கிடைக்கும். அதன்பின் முப்பது நாள் வரை கூடுதல் கட்டணத்துடன் மீட்டுக்கொள்ளலாம். அதற்கும் பிறகு ஐந்து நாள் காத்திருப்பு. அதோடு பெயர் சந்தைக்கு வந்துவிடும், முந்துகிறவர் எடுத்துக்கொள்ளலாம். சூதாட்டத் தளம் நடத்துகிறவர்கள் இப்படி விடுபடும் பெயர்களுக்காகவே காத்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் பலர் இணைப்புக் கொடுத்த முகவரிக்குத் தேடுபொறியில் ஒரு மதிப்பு சேர்ந்திருக்கும். அந்த மதிப்பை விலைக்கு வாங்குகிறார்கள். பழைய பெயரை அடியில் விட்டுவைப்பதும் அதற்காகத்தான். நல்ல வலைப்பதிவாக இருந்தால் இணைப்புகள் அதிகம், ஆகவே ஆபத்தும் அதிகம்.

முந்நூறு படிகளையும் மறுபடி அடித்துக் கொடுத்தேன். தாளும் மையும் சேர்த்து இருநூற்றுப் பத்து ரிங்கிட், என் கையிலிருந்து. அந்த ஆசிரியை பள்ளி முதல்வருக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அந்தக் கடிதத்துக்கு நான் இன்றுவரை ஈடு செய்யவில்லை.

அதற்குப் பிறகு என் வழக்கம் மாறியது. யாருக்குச் சொல்வதானாலும் சொல்லும் நாளன்றே திறந்து பார்க்கிறேன். முகப்பு மட்டும் உயிரோடு இருந்து உள்ளே எல்லாம் அழிந்த தளங்கள் உண்டு என்பதால், பழைய கட்டுரைகள் இரண்டையாவது திறக்கிறேன். என் கணினியில் சேமிப்பிலிருந்து பழைய பக்கமே வந்து ஏமாற்றக்கூடும். ஆகவே வேறொருவரின் கைப்பேசியிலும் ஒரு முறை பார்க்கிறேன். கட்டுரை உண்மையிலேயே முக்கியமானது என்றால், 2001 முதல் பொதுமக்கள் பயன்பாட்டில் இருக்கும் இணையப் பக்கக் காப்பகமான வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்துவிட்டு அந்த நகலின் முகவரியையும் குறித்துவைக்கிறேன். 2024 அக்டோபரில் தாக்குதலுக்குள்ளாகி அதுவுமே சில நாள்கள் முடங்கிக் கிடந்தது. அப்படியிருந்தும் அதைவிட நம்பகமான இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பிறர் முகவரிக்கான குறியீட்டை நேரடியாகத் தாளில் அச்சிடுவதே இல்லை. குறியீடு என்னுடைய ஒரு சிறு பக்கத்துக்குப் போகும். அங்கிருந்து மற்றவற்றுக்கு இணைப்பு. நாளை ஒன்று கெட்டுப்போனால் அந்தப் பக்கத்தில் ஒரு வரியைத் திருத்தினால் போதும், அச்சடித்த தாளுக்கு ஒன்றும் ஆகாது.

இதில் எதிர்ப்பக்கத் தவறும் ஒன்று உண்டு. கடைசிப் பதிவின் தேதியைப் பார்த்துவிட்டு ‘இது செத்துப்போன தளம்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். ஜேசன் கொட்கி 1998 முதல் தன் பெயரிலேயே நடத்திவரும் வலைப்பதிவு 2022 மே மாதம் ஓய்வுக்காக நிறுத்தப்பட்டு, அதே ஆண்டு நவம்பர் இறுதியில் மீண்டும் தொடங்கியது. இடையில் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிய அவசரக்காரர்களில் நானும் ஒருவன். மௌனமாக இருப்பதையும் கைமாறிப்போனதையும் பிரித்தறிய உள்ளே போய்ப் படித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த இளைஞரின் நாற்பத்திரண்டையும் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திறந்தேன். ஒன்பது திறக்கவே இல்லை. இரண்டில் நாணயங்கள் கொட்டின.

படியெடுத்த இடத்தை மூலமாகக் காட்டுவது

லெபு ஆர்மீனியன் தெருவில் இரண்டு குழந்தைகள் மிதிவண்டியில் போகும் சுவரோவியத்தை எங்கள் ஊரில் பார்க்காதவர் கிடையாது. வரைந்தவர் லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சக்காரெவிச். வரைந்த ஆண்டு 2012. குழந்தைகள் சுவரில் வரையப்பட்டவர்கள், மிதிவண்டி சுவரோடு பொருத்திய நிஜ மிதிவண்டி. ‘உலகின் அழகிய தெருக்கலை’ என்று தொகுத்துப் போடும் பக்கங்கள் சிலவற்றில் இந்தப் படம் வரைந்தவர் பெயரும் ஊர்ப் பெயரும் இல்லாமல் வந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். நம் ஊர்ச் சுவருக்கே இந்தக் கதி என்றால், அந்தப் பக்கம் மற்ற ஊர்ச் சுவர்களைப் பற்றிச் சொல்வதை எப்படி நம்புவது?

ஓவிய வலைப்பதிவு எதையும் பரிந்துரைப்பதற்கு முன் நான் செய்யும் சோதனை இதுதான்: எனக்கு நன்கு தெரிந்த ஒரு படைப்பை அங்கே தேடி, கலைஞரின் பெயரும் அவருடைய சொந்தப் பக்கத்துக்கு இணைப்பும் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். 2010இல் தொடங்கிய ‘கொலோசல்’ இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பதால் அதைத் தயங்காமல் சொல்கிறேன். படங்களை மட்டும் வாரி இறைக்கும் பக்கங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் சொல்வதில்லை.

பாட்டு ஒலிக்காத இசைப் பதிவுகள்

இசை வலைப்பதிவுகளின் ஆயுள் மற்றவற்றைவிடக் குறைவு. 2010 பிப்ரவரியில் கூகுள் தன் பிளாகர் சேவையிலிருந்த இசைப் பதிவுகள் பலவற்றைக் காப்புரிமைப் புகார்களின் பேரில் ஒரேயடியாக நீக்கியது. பல ஆண்டுகள் எழுதிய குறிப்புகளும் பாட்டுகளோடு சேர்ந்து போயின. தப்பியவற்றிலும் பாட்டுக் கோப்புகள் வேறு எங்கோ வைக்கப்பட்டிருந்ததால், எழுத்து நிற்கும், இணைப்பு ஒலிக்காது. எழுத்துக்காகப் படிக்கலாம் என்றால் அதைச் சொல்லியே அனுப்ப வேண்டும். சொல்லாவிட்டால் கேட்க வந்தவர் நம்மைத்தான் திட்டுவார்.

பிரையன் ஷிம்கோவிட்ஸ் 2006இல் தொடங்கிய ‘ஆசம் டேப்ஸ் ஃப்ரம் ஆப்பிரிக்கா’ இதில் ஒரு விதிவிலக்கு. கானாவிலும் சுற்றுப்புற நாடுகளிலும் கிடைத்த ஒலிநாடாக்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தவர், பின்னர் அந்தக் கலைஞர்களையே தேடிப் பிடித்து, வருமானத்தில் பங்கு கொடுத்து மறுவெளியீடு செய்யும் நிறுவனமாக அதை வளர்த்தார். லெபு பாசார் பக்கம் கேசட் கடைகளில் நின்று பழகியவர்களுக்கு இதை நான் முதலில் சொல்வேன். அட்டைப்படங்களைப் பார்த்ததுமே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

எழுத்துரு மாறிய பழைய தமிழ்ப் பதிவுகள்

ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன் திஸ்கி, பாமினி முதலிய குறியீடுகளில் எழுதப்பட்ட தமிழ்ப் பக்கங்கள் இன்றைய கைப்பேசியில் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். நம் நாட்டுக்காரரான முத்து நெடுமாறன் 1985இல் தமிழ் மென்பொருளான முரசு அஞ்சலைத் தொடங்கிய காலத்திலிருந்து கணினியில் தமிழ் எழுதியவர்களுக்கு இது பழகிய தொல்லை. இருபது வயதுக்காரருக்குத் தெரியாது, பக்கமே கெட்டுவிட்டதென்று மூடிவிடுவார். எழுத்துரு மாற்றியில் இட்டு ஒருங்குறியில் ஒரு நகல் எடுத்து, மூல முகவரியோடு சேர்த்து அனுப்புங்கள்.

இணைய நகைச்சுவையை விளக்கும் பதிவுகள்

ஆறு மாதம் தாண்டியதைச் சொல்லாதீர்கள்.

தொடர்ந்து படிக்கும் வழியைச் சொல்லாமல் விடுவது

வலைப்பதிவுகள் அழிந்துவிட்டன என்று என்னிடம் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பல தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் திரட்டித் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1ஆம் தேதி மூடப்பட்டதோடு படிப்பதை நிறுத்தியவர்கள். மூடியது படிப்பான் மட்டுமே. புதிய பதிவுகளைத் தாமாக அறிவிக்கும் செய்தியோடைகள் (ஆர்எஸ்எஸ்) அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஃபீட்லி, இன்னோரீடர் போன்ற ஒன்றை நிறுவி முகவரியை ஒட்டினால் புதிய பதிவுகள் தாமாக வந்து சேரும். இதைச் சொல்லாமல் கொடுத்த பரிந்துரை, படிக்கிறவரின் நினைவாற்றலை நம்பிக் கொடுத்தது. கூட்டத்துக்குப் பிறகு மாமாக் கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் ஒருவரின் கைப்பேசியில் இதை அமைத்துக் கொடுத்துவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

திருத்தம் அனுப்பத் தயங்குவது

இந்த மாதக் கூட்டத்துக்கு அந்த இளைஞர் மூன்றே மூன்று கட்டுரைகளோடு வந்தார். எது யாருக்கு என்றும் குறித்திருந்தார். பேசி முடித்ததும் மெதுவாக என் பக்கம் திரும்பி, “அண்ணே, உங்கள் பட்டியலில் ‘பிரெய்ன் பிக்கிங்ஸ்’ என்று இருக்கிறதே, அதன் பெயர் 2021லேயே ‘தி மார்ஜினேலியன்’ என்று மாறிவிட்டது” என்றார். பழைய முகவரியைத் திறந்தால் புதிய தளத்துக்கே கொண்டுபோய்விடும் என்பதால் மேலே இருந்த பெயரை நான் படித்துப் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அன்றிரவே என் பக்கத்தைத் திருத்தி, குழுவிலும் ஒரு வரி போட்டேன்.