தாழ்த்திய சிவிக் ஈகே: பின் அப்பர் ஆர்ம் மாற்றும் முறை

1996 – 2000 மாடல் ஹோண்டா சிவிக் ஈகேயின் உயரத்தைக் குறைத்துத் தாழ்த்தினால் பின் சக்கரங்களின் மேற்பகுதி உள்ளே சாய்ந்துவிடும். இதுதான் நெகட்டிவ் கேம்பர். கம்பெனி அமைப்பில் இதைத் திருத்த வழி கிடையாது. நீளம் மாற்றக்கூடிய அப்பர் ஆர்ம் (சக்கரத்தின் மேற்பகுதியைக் காரின் உடலோடு இணைக்கும் கை) போடுவது இதற்காகத்தான். ஆனால் டயரின் உள்விளிம்பை வேகமாகத் தேய்ப்பதில் கேம்பரைவிட, அதோடு சேர்ந்து கெட்டுப்போகும் டோவுக்கே (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் அளவு) பெரிய பங்கு. ஆர்மை மட்டும் மாட்டி, அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்தல்) பார்க்காமல் ஓட்டினால் போட்ட காசு வீண்.

முதல்நாள் இரவே போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். காரைச் சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை, பின்னால் இரண்டு ஸ்டாண்ட். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது.

பழைய ஆர்மைக் கழற்றியதும் உள் புஷ் (இணைப்பில் உள்ள ரப்பர் உருளை) மையத்திலிருந்து வெளி போல்ட் மையம் வரை அளந்து, புதியதையும் அதே நீளத்தில் வைத்துத் தொடங்குங்கள். நீட்டினால் சக்கரத்தின் மேற்பகுதி வெளியே வரும். மேல், கீழ் இணைப்புகளுக்கு நடுவே 250 மி.மீ. உயரம் இருந்தால் 1 டிகிரிக்குச் சுமார் 4.4 மி.மீ. நீட்ட வேண்டும். மரை, விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்கட்டும்: எம்14 என்றால் 21 மி.மீ.

பலரும் தவறுவது அடுத்த இடத்தில். சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் உள்குழாயோடு ஒட்டியிருப்பதால், கார் தரையில் இறங்கியதும் அது முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். ஆகவே போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு, ஜாக்கியை லோயர் ஆர்மின் வெளிமுனையில் கொடுத்து, முதலில் குறித்த அளவு வரும்வரை மெல்ல ஏற்றுங்கள். ஸ்டாண்டிலிருந்து கார் எழும்பக் கூடாது. அந்த நிலையில் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) இறுக்குங்கள். சக்கர நட்டுக்கு 108 நியூட்டன் மீட்டர்.

அலைன்மென்டில் முதலில் கேம்பர். அதை மாற்றினால் டோவும் நகரும். தெருவில் ஓடும் காருக்கு −1 முதல் −1.5 டிகிரி போதும். பிறகு காம்பென்சேட்டர் ஆர்மின் (பின் சக்கரத்தின் டோவை மாற்ற உதவும் சிறிய கை) உள் போல்ட்டை இளக்கி, இரு பக்கமும் சேர்த்து 2 மி.மீ. டோ-இன் (சக்கரங்களின் முன்விளிம்புகள் சற்று உள்நோக்கியிருப்பது) வையுங்கள். அப்பர் ஆர்மின் நீளம் மாறாமல் பிடிக்கும் லாக் நட்டைக் கடைசியாக இறுக்கி, நட்டுக்கும் ஆர்முக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். 100 கி.மீ. ஓடியபின் அந்தக் கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. மறுபடி அலைன்மென்ட் பார்த்து இறுக்க வேண்டும்.