பாரலல் போர்ட் கார்டும் லினக்ஸ்சிஎன்சியும்: முகவரியைப் பிடித்தால் போதும்

புது மதர்போர்டுகளில் பாரலல் போர்ட் (பழைய பிரிண்டர்களுக்கான 25 பின் இணைப்பு) பெரும்பாலும் வருவதில்லை. அதனால் மில்லிங் மெஷினையோ மரம் செதுக்கும் ரவுட்டரையோ லினக்ஸ்சிஎன்சி என்ற மெஷின் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஓட்டுகிறவர்கள் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்றை வாங்கிச் செருகிவிட்டு, உடனே டிரைவர் தேட ஆரம்பிக்கிறார்கள். டிரைவர் முக்கியமாக பிரிண்டருக்குத்தான். இங்கே லினக்ஸ்சிஎன்சியின் ஹால்_பார்போர்ட் மாட்யூல் நேராக போர்ட்டின் முகவரிக்கே (கணினி அந்தப் போர்ட்டை அடையாளம் காணும் எண்) எழுதுகிறது, ஆக நாம் கண்டுபிடிக்க வேண்டியது அந்த முகவரியை. யுஎஸ்பி-பாரலல் கேபிளுக்கு அப்படியொரு முகவரியே கிடையாது, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

டெர்மினலில், பிசிஐ கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை மைனஸ் வி சேர்த்து ஓட்டுங்கள். கார்டின் பெயருக்குக் கீழே 'ஐஓ போர்ட்ஸ் அட் 3010', 'ஐஓ போர்ட்ஸ் அட் 3000' என்பதுபோல சில வரிகள் இருக்கும். கார்டே பட்டியலில் இல்லையென்றால் லினக்ஸைத் திட்டிப் பயனில்லை, கழற்றி வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். வரியின் ஓரத்தில் 'டிசேபிள்ட்' என்றிருந்தால் கார்டு இன்னும் தூங்குகிறது; பார்போர்ட்_பிசி என்ற கெர்னல் மாட்யூலை மோட்ப்ரோப் கட்டளையால் ஏற்றினால், சிப் அதற்குத் தெரிந்ததாக இருந்தால் எழுந்துவிடும். தெரியாத சிப் என்றால் செட்பிசிஐ கட்டளையால் கார்டின் கமாண்ட் ரெஜிஸ்டரிலுள்ள ஐஓ பிட்டை (போர்ட்டைத் திறக்கும் சுவிட்ச் மாதிரி) நாமே 1 ஆக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு பூட்டிலும்.

அந்த வரிகளில் எது உண்மையான போர்ட் என்பதுதான் தலைவலி. முதல் வரிதான் முதல் போர்ட் என்று நம்பிவிடாதீர்கள், இரட்டை போர்ட் கார்டுகளில் இது தாறுமாறாக இருக்கும். மோட்டார் டிரைவுகளின் மின்சாரத்தை நிறுத்தி, கேபிளையும் கழற்றிவிட்டு, லினக்ஸ்சிஎன்சியோடு வரும் ஹால்ரன் என்ற சோதனைக் கருவியைத் திறந்து, லோட்ஆர்டி ஹால்_பார்போர்ட் சிஎஃப்ஜி="0எக்ஸ்3010 அவுட்" என்று கொடுங்கள். அப்புறம் ஒரு த்ரெட் (குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும் வேலை) உருவாக்கி, பார்போர்ட்.0.ரைட்டை அதில் சேர்த்து, ஸ்டார்ட் கொடுத்து, பின்-02-அவுட்டை 1, 0 என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனை 25ஆம் பின்னில், சிவப்பு 2இல். முள்ளோ எண்ணோ அசைந்தால் அதுதான் முகவரி, அசையாவிட்டால் அடுத்த வரி. மீட்டர் கையில் இருக்கும்போதே வோல்டேஜையும் பார்த்துவிடுங்கள்: 5 எதிர்பார்க்கும் பழைய பிரேக்அவுட் போர்டுக்கு (போர்ட்டின் கேபிளை மோட்டார் டிரைவுகளோடு இணைக்கும் பலகை) 3.3 மட்டும் தரும் கார்டைக் கொடுத்தால் ஸ்டெப் தவறலாம், நீங்கள் தேவையில்லாமல் மோட்டாரைச் சந்தேகப்பட்டுக் கொண்டிருப்பீர்கள்.

எல்லாம் சரி, ஆனால் 'அனுமதி இல்லை' என்றே வருகிறதா? பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை அணையுங்கள், அது இயங்கும்போது டெபியன் லினக்ஸின் கெர்னல் போர்ட்டுகளை நேரடியாகத் தொட விடாது. முகவரியை வேறு டிரைவர் ஏதாவது பிடித்து வைத்திருக்கிறதா என்பது ப்ராக் அடைவிலுள்ள ஐஓபோர்ட்ஸ் கோப்பில் தெரியும். அதை ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) திறந்தால்தான் எண்கள் வரும், இல்லாவிட்டால் வெறும் பூஜ்யங்கள்.

இன்னொன்று, பின்னாளில் கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினாலோ கிராபிக்ஸ் கார்டு சேர்த்தாலோ இந்த முகவரி மாறலாம். மெஷின் திடீரென்று ஊமையானால் வயரிங்கைப் பிரிக்குமுன் எல்எஸ்பிசிஐயை இன்னொரு தரம் ஓட்டிப் பாருங்கள்.