ஜப்பானில் கணக்கு நடத்தப் பழகுபவர்கள் சறுக்கும் இடங்கள்

13-லிருந்து 9 போனால் எவ்வளவு? ஜப்பானில் முதல் வகுப்புக்கு இது ஒரு முழுப் பீரியட் பாடம். ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் சில வாரங்கள் பள்ளிக்குப் போய் வகுப்பெடுப்பார்கள். அங்கே அதிகம் சறுக்குவது இப்படிப்பட்ட எளிய கணக்குகளில்தான்.

முதல் தவறு, பாடக்குறிப்பில் தான் பேசப்போவதை மட்டும் எழுதுவது. பிள்ளைகள் என்ன சொல்லக்கூடும் என்பதையும் முன்கூட்டியே யோசித்து எழுத வேண்டும். ஒரு பிள்ளை 13, 12, 11 என்று விரல்விட்டு எண்ணும். இன்னொன்று முதலில் 3-ஐ எடுத்து, மிச்சம் 6-ஐப் பத்திலிருந்து எடுக்கும். வேறொன்று பத்திலிருந்து 9-ஐ எடுத்து, மீந்த ஒன்றோடு 3-ஐச் சேர்க்கும். 9-லிருந்து 3-ஐக் கழித்து 6 என்று சொல்லும் பிள்ளையும் இருக்கும்.

எண்ணை இஷ்டத்துக்கு மாற்றுவதும் தவறு. 9 பத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், பத்திலிருந்து கழிக்கும் யோசனை தானாக வரும். 12-லிருந்து 3 என்று கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் 2-ஐ எடுத்துவிட்டு இன்னும் ஒன்றை எடுப்பார்கள். கணக்கு சரிதான், ஆனால் நடத்த நினைத்த பாடம் கைநழுவிவிடும்.

அடுத்தது, பிள்ளைகள் கணக்குப் போடும் நேரத்தில் பெஞ்சு பெஞ்சாகப் போய் நோட்டைத் திருத்துவது. இப்படி பெஞ்சுகளுக்கு நடுவே சுற்றிவருவதற்கு ‘கிகான் ஷிதோ’ என்று பெயர், ஆனால் அது திருத்துவதற்கு அல்ல. யார் எப்படி யோசித்தார்கள் என்று பார்த்து, யாரை எந்த வரிசையில் பேச வைப்பது என்று முடிவெடுக்கும் நேரம் அது. சட்டென்று கை தூக்கிய பிள்ளையிடம் சரியான விடையை வாங்கிவிட்டால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். விரல்விட்டு எண்ணிய பிள்ளையை முதலில் பேச விடுவது நல்லது என்பது என் கருத்து. அந்த வழி எல்லோருக்கும் புரியும். அடுத்து வருவதை அதோடு ஒப்பிடலாம்.

நாலு பேர் வந்து சொல்லிவிட்டுப் போனால் போதும் என்று நினைப்பதும் பெரிய தவறு. அதற்குப் பிறகு நடக்கும் விவாதத்தை ‘நெரிஅகே’ என்கிறார்கள். பிசைந்து பதமாக்குவது என்று பொருள். முதலில் 3-ஐ எடுத்த வழி, பத்திலிருந்து 9-ஐ எடுத்த வழி, இந்த இரண்டிலும் பத்து எங்கே வருகிறது என்று கேட்டால்தான் பிசைதல் தொடங்கும்.

அப்புறம், கரும்பலகையை நடுவில் அழிக்காதீர்கள். பாடம் முடியும்போது தொடக்கம் முதல் கடைசி வரை பலகையில் இருக்க வேண்டும், தப்பான விடையும் சேர்த்து. அந்த 6 அங்கேயே இருந்தால்தான் அதை எழுதிய பிள்ளை திரும்பிப் பார்த்து, எங்கே மாறிப்போனோம் என்று தானே சொல்ல முடியும்.